பெர்லின் நோயாளியின் மஜ்ஜையில் நடந்தது என்ன? ஒரு நிகழ்வு ஆய்வு

மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் வார்டுகளில் நாள்களை எண்ணும் முறையே வேறு. ரத்தச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளிக்கு ஏற்றுகிற நாள்தான் பூஜ்யம். அதற்கு முந்தைய நாள்கள் மைனஸ் மூன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். நோயாளியும் வீட்டாரும் கிழமையைக்கூட மறந்துவிடுவார்கள், இந்த எண்ணை மறக்கமாட்டார்கள்.

டிமதி ரே பிரவுனின் பூஜ்ய நாள் 2007 பிப்ரவரியில் வந்தது. இடம், பெர்லின் நகரத்தின் ஷாரிடே மருத்துவமனை. எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் என்றுதான் அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் அந்த வார்டில் படுத்தது எச்.ஐ.வி.க்காக அல்ல, ரத்தப் புற்றுநோய்க்காக. எச்.ஐ.வி. போன கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அது போவதற்குக் காரணமான மற்ற கதையை, அதாவது காலி செய்யப்பட்ட ஒரு மஜ்ஜையில் இன்னொருவருடைய செல்கள் குடியேறி எதிர்ப்பு சக்தியை ஒவ்வொரு படையாகத் திரும்பக் கட்டிய கதையை, யாரும் நின்று சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் மையம். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நோயாளியும் நோயும்

பிரவுன் அமெரிக்கர். சியாட்டிலில் 1966இல் பிறந்தவர். பெர்லினில் குடியேறி, படித்துக்கொண்டே ஒரு கஃபேயில் வேலை பார்த்தார், ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பும் செய்தார். எச்.ஐ.வி. இருப்பது 1995இல் தெரியவந்தது. கூட்டு மருந்துகள் வந்த பிறகு அது கட்டுக்குள் இருந்தது. 2006இல், வழக்கமாக சைக்கிளில் வேலைக்குப் போகிற மனிதர், கொஞ்ச தூரம் போவதற்குள் களைத்து இறங்கவேண்டி வந்தது. முதலில் ரத்தசோகை என்று ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். தேறவில்லை. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், அதில் எம்4 வகை.

அப்போது அவருடைய சிடி4 செல்களின், அதாவது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் எதிர்ப்பு செல்களின், எண்ணிக்கை கனமில்லிமீட்டருக்கு 415. ரத்தத்தில் வைரஸ் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. எஃபாவிரென்ஸ், எம்ட்ரிசிட்டபின், டெனோஃபோவிர் என்று மூன்று மருந்துகளை நான்கு வருடமாக எடுத்துக்கொண்டிருந்தார். எச்.ஐ.வி. பார்வையில் நல்லபடி வாழ்ந்துகொண்டிருந்த நோயாளிதான்.

லுகேமியாவுக்குக் கீமோ தொடங்கியது. முதல் சுற்றிலேயே கல்லீரல் மோசமாகி, சிறுநீரகமும் செயலிழந்தது. வேறு வழியில்லாமல் எச்.ஐ.வி. மருந்துகளை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் வைரஸ் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 69 லட்சம் பிரதிகள் வரை எகிறியது. உடனே மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்தது.

இந்த 69 லட்சத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இயல்பாகவே வைரஸை அடக்கிவைக்கும் உடல்வாகு சிலருக்கு உண்டு. பிரவுன் அப்படிப்பட்டவர் அல்ல. மருந்து நின்றால் வைரஸ் வெள்ளமாக வரும். பிற்பாடு இவருக்கு மருந்தே இல்லாமல் வைரஸ் வராமல் போனபோது, அது புதிய செல்களின் வேலைதான் என்று சொல்ல இந்த ஒரு அளவீடு பெரிய சாட்சியானது.

கொடையாளரைத் தேடியது

சிகிச்சை பார்த்த கெரோ ஹ்யூட்டர் ரத்தநோய் மருத்துவர், எச்.ஐ.வி. நிபுணர் அல்ல. லுகேமியா திரும்பினால் மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் வழி என்று கொடையாளர் தேடத் தொடங்கியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய சிடி4 என்ற ஏற்பி மட்டும் போதாது, கூடவே இன்னொரு கதவு வேண்டும். பெரும்பாலான வைரஸ்களுக்கு அந்தக் கதவு சிசிஆர்5. அதற்கான ஜீனில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இருக்கிறது, டெல்டா 32 என்பார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த வடிவத்தைப் பெற்றவர்களின் செல்களில் அந்தக் கதவே இருக்காது. இது தெரியவந்தது 1996இல். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு ஒருவர் இப்படி. நம் பக்கத்து மக்களிடம் இது மிகமிக அரிது.

எப்படியும் ஒருவருடைய ஸ்டெம் செல்லை வாங்கத்தான் போகிறோம், அவர் ஏன் இந்தக் கதவு இல்லாதவராக இருக்கக்கூடாது? இதுதான் கேள்வி. பிரவுனின் திசு வகை அதிர்ஷ்டவசமாக ஐரோப்பாவில் பரவலானது, பொருந்தும் கொடையாளர்கள் பலர் பதிவில் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சோதித்ததில் 61ஆவது ஆளிடம் இரட்டை டெல்டா 32 இருந்தது.

பிரவுன் முதலில் வேண்டாம் என்றார். லுகேமியா அடங்கியிருந்த நேரம் அது. உயிருக்கே ஆபத்தான ஒரு சிகிச்சைக்குப் போவானேன் என்ற தயக்கம் முழுக்க நியாயமானது. இன்றைக்கு முடிவு தெரிந்த பிறகு அவருடைய தயக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கண்டறிந்து ஏழு மாதத்தில் லுகேமியா திரும்பியது. அப்புறம்தான் சம்மதித்தார்.

காலி செய்தல்

மாற்று சிகிச்சைக்கு முன்னால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். அதற்கு இரண்டு நோக்கம். மிச்சமிருக்கும் லுகேமியா செல்களைக் கொல்வது ஒன்று. வரப்போகும் செல்களை அந்நியர் என்று விரட்டக்கூடிய பழைய எதிர்ப்பணுக்களை ஒழிப்பது இன்னொன்று. கீமோ, உடல் முழுவதற்குமான கதிர்வீச்சு, இவற்றோடு, டி செல் என்கிற எதிர்ப்பு வெள்ளையணுக்களை அழிக்க முயலிலிருந்து தயாரிக்கும் எதிர்ப்பொருளும் கொடுத்தார்கள்: மைனஸ் மூன்றாம் நாள் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், மைனஸ் இரண்டிலும் மைனஸ் ஒன்றிலும் 2.5 மில்லிகிராம்.

இந்த எதிர்ப்பொருள் உடலில் சில வாரம் தங்கும். ஆகவே பழைய டி செல்களோடு புதிதாக வந்து இறங்குகிற டி செல்களில் ஒரு பகுதியும் இதற்குப் பலியாகும். புதிய டி செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. விலை என்னவென்றால், டி செல்கள் திரும்பி வருவது தாமதமாகும்.

எச்.ஐ.வி. மருந்துகளை மாற்று சிகிச்சைக்கு முந்தைய நாள் வரை கொடுத்தார்கள். அதோடு நிறுத்தினார்கள்.

பூஜ்ய நாள்

வெளியிலிருந்து பார்த்தால் பூஜ்ய நாளில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆபரேஷன் கிடையாது, தியேட்டர் கிடையாது. கொடையாளருக்கு நான்கைந்து நாள் ஊசி போட்டு, அவருடைய மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கி, ஒரு இயந்திரத்தின் வழியாகப் பிரித்தெடுத்த கரும்சிவப்புத் திரவம் ஒரு பையில் வரும். அதைக் கழுத்துப் பக்கத்துப் பெரிய சிரையில் போட்டிருக்கும் குழாய் வழியாக, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஏற்றுவார்கள். முதன்முதலாகப் பார்க்கிற வீட்டார், இவ்வளவுதானா என்று கேட்பார்கள்.

பிரவுனுக்குக் கிடைத்த பையில் அவர் உடல் எடையில் கிலோவுக்கு 23 லட்சம் சிடி34 செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருந்தன. குறைந்தபட்சம் 20 லட்சமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆக இது தாராளமான அளவு அல்ல. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு என்றால் மொத்தம் 16 கோடி செல்கள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு சாதாரண மஜ்ஜை ஒரே நாளில் உண்டாக்கும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணுக்கள் பத்தாயிரம் கோடி என்பதோடு வைத்துப் பார்த்தால், இது ஒரு பெரிய வயலுக்கு ஒரு கைப்பிடி விதைநெல்.

சிரையில் ஏற்றியது ரத்தத்தில் ஓடி எலும்புக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? மஜ்ஜையிலிருக்கும் தாங்கு செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற ஒரு ரசாயன வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி அந்த வாசனையைப் பிடித்து, வழி கண்டுபிடித்து, வீடு சேர்கிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். ஏனென்றால் எச்.ஐ.வி.க்கு இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது, அது இதே சிஎக்ஸ்சிஆர்4. சிசிஆர்5 இல்லாமல் பிறந்தவர்கள் ஆரோக்கியமாகவே வாழ்கிறார்கள். சிஎக்ஸ்சிஆர்4ஐ அப்படிப் பிடுங்கி எறிய முடியாது. அது இல்லாவிட்டால் ஸ்டெம் செல்லுக்கு மஜ்ஜைக்கு வழி தெரியாது. ஆக, பிரவுனுக்கு ஒரு கதவு மூடியது, இன்னொன்று திறந்தேதான் இருந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரியில் அவருடைய வைரஸ்களில் 2.9 சதவீதம் அந்த இரண்டாவது கதவைப் பயன்படுத்தக்கூடியவை என்று மரபணு வாசிப்பு காட்டியும் இருந்தது. மருத்துவர்கள் இதைத் தெரிந்தேதான் இறங்கினார்கள்.

பதிமூன்றாம் நாள்

முதல் இரண்டு வாரம் எதிர்ப்பு சக்தி என்று சொல்ல எதுவுமே இருக்காது. ரத்த ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் பார்த்துப் பழகியவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த நாள்களின் ஸ்லைடு மனதை என்னவோ செய்யும். லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தினாலும் சிவப்பணுக்கள் மட்டுமே வரும். அதுவும் பிறர் கொடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்கள். வெள்ளையணு ஒன்றுகூட இருக்காது. அறிக்கையில் எண்ணிக்கை 0.1 என்று போகும், அடுத்த நாளும் 0.1, அதற்கடுத்த நாளும் 0.1. பிறகு ஒரு காலையில் ஸ்லைடின் வால்பக்கம் ஒரு மோனோசைட் தென்படும். மறுநாள் இரண்டு நியூட்ரோஃபில், கரு மூன்று நான்கு மணிகளாக நூலில் கோத்த மாதிரி. அந்த இரண்டைப் பார்த்துவிட்டால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியாது.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் கனமில்லிமீட்டருக்கு 500ஐத் தாண்டினால், அந்த மூன்றில் முதல் நாளை செல்கள் வேர்பிடித்த நாள் என்று கணக்கு வைப்பார்கள். பிரவுனுக்கு செல்கள் வேர்பிடித்தது 13ஆம் நாள். குறைந்த அளவு செல்களை வைத்துக்கொண்டு இது நல்ல வேகம்.

வேர்பிடித்துவிட்டது என்றால் எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாக வாழாது, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்க்கும் முன்வரிசைக் காலாட்படை அது. அடுத்ததாக, முதல் மாதவாக்கில் என்கே செல்கள் வரும். லுகேமியா செல்லை எந்த அறிமுகமும் இல்லாமல் கொல்லத் தெரிந்தவை இவை. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்கள் வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். வந்தாலும் பழைய நினைவு எதுவும் இருக்காது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசி எல்லாம் போச்சு. அதனால்தான் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் குழந்தை மாதிரி முத்தடுப்பூசி, போலியோ எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக்கொள்கிறார்கள். தட்டம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

கடைசியாகத்தான் டி செல்கள். அவற்றிலும் தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 வகை முந்திக்கொள்ளும், சிடி4 வகை பின்தங்கும். டி செல்லின் தாய் மஜ்ஜைதான், ஆனால் அது படித்து வளர்வது தைமஸ் சுரப்பியில். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். பிரவுனுக்கு அப்போது நாற்பது வயது. கீமோவும் கதிர்வீச்சும் வாங்கிய நாற்பது வயதுத் தைமஸ் புது மாணவர்களை உருவாக்கி அனுப்ப பல மாதங்கள் எடுக்கும். அதுவரை என்ன செய்வது? கொடையாளரின் பையில் கூடவே வந்த முதிர்ந்த டி செல்கள் காலியான இடத்தைப் பார்த்துப் பெருக ஆரம்பிக்கும். எண்ணிக்கை கூடும், வகைகள் குறைவாகவே இருக்கும். ஏற்கெனவே நோய்க்கிருமிகளைச் சந்தித்து, தூண்டப்பட்ட நிலையில் இருக்கும் நினைவுச் செல்களே அதிகம்.

எச்.ஐ.வி.க்கு மிகப் பிடித்த இரை எது தெரியுமா? தூண்டப்பட்ட நினைவு சிடி4 செல். அதாவது, சிகிச்சைக்குப் பிறகு மீண்டு வரும் எதிர்ப்பு மண்டலம், வைரஸுக்கு மிகவும் தோதான நிலையில்தான் மீண்டு வருகிறது. பழைய செல்களில் ஒளிந்திருக்கும் கொஞ்சநஞ்ச வைரஸும் இந்த மீட்சிக் காலத்தில் பெருகிவிடும் என்றுதான் அன்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

வைரஸ் வரவில்லை. மருந்து ஒரு மாத்திரைகூட இல்லாமல் மாதங்கள் ஓடின, சிடி4 செல்கள் ஏறின, வைரஸ் மட்டும் ரத்தத்தில் தென்படவே இல்லை. முதல் வருடத்தில் பெரிய தொற்று எதுவும் வரவில்லை. புதிய செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஒட்டுத் தாக்குதல் தோலில் முதல் நிலையில் வந்தது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை மாற்றிச் சமாளித்தார்கள். பிரவுன் வேலைக்குத் திரும்பினார், ஜிம்முக்குப் போனார்.

யாருடைய செல்கள் இவை?

இந்த நோயாளியின் மஜ்ஜையைப் புரிந்துகொள்ள ஒரு பரிசோதனை முக்கியம்: சைமெரிசம். ரத்தத்திலுள்ள டி.என்.ஏ.வில் எவ்வளவு கொடையாளருடையது, எவ்வளவு நோயாளியுடையது என்று சதவீதத்தில் சொல்வது. நல்லபடியாக வேர்பிடித்த ஒருவருக்கு அது நூறை ஒட்டி இருக்கும். ரத்தத்தைச் சோதித்தால் வேறு ஆள், தோலைச் சோதித்தால் அதே பழைய ஆள்.

பிரவுனுக்கு இதைப் பார்க்க இன்னொரு அடையாளமும் இருந்தது. அவரிடமே பிறவியில் ஒரு பிரதி டெல்டா 32 இருந்தது, இன்னொரு பிரதி சாதாரணம். அதனால் சிகிச்சைக்கு முன் அவர் செல்களில் சிசிஆர்5 கதவு இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு ரத்தச் செல்கள் இரட்டை டெல்டா 32 ஆக மாறின. கதவு இருந்தால் பழைய செல், இல்லாவிட்டால் புதிய செல்.

159ஆம் நாள் மலக்குடல் திசுவை எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அங்கிருந்த சிடி4 டி செல்களில் சிசிஆர்5 இல்லை, எல்லாம் புதிய செல்கள். ஆனால் மேக்ரோஃபேஜ்களில் அந்தக் கதவு இன்னும் இருந்தது. மேக்ரோஃபேஜ் திசுவுக்குள் நெடுநாள் வாழ்கிற செல். மஜ்ஜையை எரித்தாலும், எட்டியிருக்கும் திசுக்களில் பதுங்கிய இந்தப் பழைய குடிகள் உடனே சாவதில்லை. ஐந்து மாதம் கழித்தும் பிரவுனின் பழைய எதிர்ப்பு மண்டலத்தில் ஒரு பகுதி அவர் குடலில் உயிரோடு இருந்தது. வைரஸ் தொற்றக்கூடிய செல்கள் அவை. ரத்தத்தின் சைமெரிசம் எண்ணை மட்டும் பார்த்து எதிர்ப்பு மண்டலம் முழுக்க மாறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லுகேமியா திரும்பியது

332ஆம் நாள் லுகேமியா மீண்டும் வந்தது. சைமெரிசம் 15 சதவீதத்துக்கு விழுந்தது. ஒரு வருடமாகக் கட்டியெழுப்பிய மஜ்ஜையில் ஏழில் ஒரு பங்குதான் புதியவர்களிடம் மிஞ்சியது, மற்றதெல்லாம் பழைய நோய்ச்செல்களும் பழைய வம்சமும்.

சைட்டராபின், ஜெம்டுசுமாப் என்ற லுகேமியா மருந்துகளைக் கொடுத்து, 2 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்து, 391ஆம் நாள் இரண்டாவது முறையாக ஸ்டெம் செல் ஏற்றினார்கள். அதே கொடையாளர், கிலோவுக்கு 21 லட்சம் செல்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக ஒரே மனிதர் இரண்டாவது தடவையும் வந்து ஊசி போட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் இயந்திரத்தோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நிகழ்வைப் பற்றிய பேச்சில் அவருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

லுகேமியா அடங்கியது. ஆனால் இந்த முறை மீட்சி முதல் தடவை மாதிரி இருக்கவில்லை. பிரவுனுக்குப் பிதற்றல் வந்தது, பார்வை மங்கியது, கைகால் முடங்கும் நிலைக்குப் போனார். மூளைத் திசுவையே எடுத்துப் பார்க்கவேண்டி வந்தது. திரும்ப நடக்கவும் பேசவும் நெடுங்காலம் பயிற்சி செய்தார். குணமானார் என்ற ஒரே சொல்லுக்குள் இதெல்லாம் அடங்கிவிடாது. ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று அறிக்கை கொடுக்கும் நாளில் நோயாளி எழுந்து உட்காரக்கூட முடியாமல் இருக்கலாம்.

மீண்டு வந்த படை

முதல் 20 மாத விவரங்கள் 2009 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. 2010 டிசம்பரில் அதே பெர்லின் குழு பிளட் இதழில் எழுதிய அடுத்த கட்டுரைதான் எதிர்ப்பணுக்களின் மீட்சியை நேராக ஆராய்ந்தது. ரத்தத்தில் மட்டுமின்றி குடலின் உட்படலத்திலும் சிடி4 செல்கள் திரும்பியிருந்தன. குடலை ஏன் பார்க்க வேண்டும் என்றால், உடலின் டி செல்களில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது, எச்.ஐ.வி. முதல் சில வாரங்களிலேயே அழிப்பதும் அங்கேதான். மருந்து எடுத்து வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்களுக்கும் குடலில் இந்தச் செல்கள் முழுதாகத் திரும்புவதில்லை. பிரவுனுக்குத் திரும்பியது.

அதோடு, மீண்டு வந்த சிடி4 செல்களில் தூண்டப்பட்ட நினைவுச் செல்கள் அதிகமாக இருந்தன. ஆய்வகத்தில் சிஎக்ஸ்சிஆர்4 கதவைப் பயன்படுத்தும் எச்.ஐ.வி.யை விட்டுப் பார்த்தால் அந்தச் செல்களில் தொற்றவும் செய்தது. அதாவது இரை இருந்தது, கதவும் ஒன்று திறந்திருந்தது. இருந்தும் அவர் உடலில் வைரஸ் வரவில்லை. காலப்போக்கில் திசுக்களில் நெடுநாள் வாழும் பழைய செல்கள் இருந்த இடத்தையும் கொடையாளர் வழிச் செல்கள் பிடித்துக்கொண்டதற்கான தடயங்கள் கிடைத்தன. வைரஸின் ஒளிவிடமே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டுரை குணம் என்ற சொல்லைப் பயன்படுத்தியது.

பின்னாளில் பல ஆய்வகங்கள் சேர்ந்து அவருடைய 900 கோடி ரத்தச் செல்கள் வரை துருவிப் பார்த்தன. பெருகக்கூடிய வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போயின. எதிரி கண்ணில் படாவிட்டால் எதிர்ப்பு மண்டலம் ஆயுதம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், எனக்கு இது மற்ற எந்தப் பரிசோதனையையும்விட அழுத்தமான சாட்சி. அந்த 2.9 சதவீதப் புதிருக்கும் 2014இல் ஒரு விடை வந்தது. மரபணு வாசிப்பு இரண்டாம் கதவுக்காரர்கள் என்று கணித்த அந்த வைரஸ்களைத் திரும்ப உருவாக்கிச் சோதித்ததில், அவையும் பெருகுவதற்கு சிசிஆர்5ஐத்தான் நம்பியிருந்தன.

கதவு மட்டுமா காரணம்?

இந்தக் கேள்விக்கு மற்ற நோயாளிகள்தான் பதில் சொன்னார்கள். பாஸ்டனில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக மாற்று சிகிச்சை பெற்ற இரண்டு பேருக்குச் சாதாரணக் கொடையாளர்கள், கதவு உள்ள செல்கள். சைமெரிசம் முழுமையாக இருந்தது, வைரஸ் எங்கும் தென்படவில்லை. மருந்தை நிறுத்தியதும் ஒருவருக்கு 12 வாரத்திலும் இன்னொருவருக்கு 32 வாரத்திலும் வைரஸ் திரும்பியது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தில் ஒருவருக்கு இரட்டை டெல்டா 32 செல்களே கிடைத்தும், சிஎக்ஸ்சிஆர்4 கதவை உண்மையிலேயே பயன்படுத்தும் வைரஸ் அவரிடம் இருந்ததால் சில வாரத்தில் திரும்பிவிட்டது.

இன்னொரு பக்கம், ஜெனீவாவில் சாதாரண, கதவு உள்ள செல்களைப் பெற்ற ஒருவருக்கு மருந்தில்லாமலே வைரஸ் வராதது 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆக, கதவை மூடுவது ஒரு பாதி. புதிய டி செல்களும் என்கே செல்களும் பழைய எதிர்ப்பு மண்டலத்தைத் தேடித்தேடி ஒழிப்பது மறுபாதி. லுகேமியாவைக் கொல்வதற்காகவே மாற்று சிகிச்சையில் நாம் நம்பியிருக்கும் அதே தாக்குதல்தான் இது. மிச்சமிருக்கும் லுகேமியா செல்லும் வைரஸ் ஒளிந்திருக்கும் டி செல்லும் புதியவர்களின் கண்ணுக்கு ஒரே ஊர்க்காரர்கள். இரண்டும் பழைய வீட்டுக்காரரின் செல்கள். லண்டன், ட்யூசல்டார்ஃப் என்று பின்னால் வந்த ஒவ்வொரு வெற்றியிலும் ரத்தப் புற்றுநோய்தான் முதல் காரணம். எச்.ஐ.வி.க்காக மட்டும் யாருக்கும் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. தினம் மாத்திரை போட்டு நெடுங்காலம் வாழ முடிகிற ஒரு நோய்க்காக, உயிரைப் பறிக்கக்கூடிய சிகிச்சையை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

பிறகு

2010இன் கடைசியில் பிரவுன் தன் பெயரை வெளியே சொன்னார். அதுவரை அவர் ஆய்வுக் கட்டுரைகளில் பெர்லின் நோயாளி மட்டும்தான். அமெரிக்கா திரும்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தம் கொடுத்தார், திசு கொடுத்தார், கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார். 900 கோடி செல்களைத் துருவினார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம். அதற்கு ஒரு மனிதர் எத்தனை தடவை கை நீட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் மனசு கனக்கிறது.

இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு லுகேமியா பத்து வருடத்துக்கு மேல் தலைகாட்டவில்லை. பிறகு திரும்பியது. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் பரவியது. 2020 செப்டம்பர் 29 அன்று கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில், 54ஆவது வயதில், தன் துணைவரின் அருகில் பிரவுன் காலமானார். 2007 பிப்ரவரியில் நிறுத்திய எச்.ஐ.வி. மருந்தை அவர் அந்த நாள் வரை லுகேமியாவோடு போராடியபோதும் வைரஸுக்காகத் திரும்ப எடுக்கவேண்டி வரவில்லை.